சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

சோணைமுத்து அண்ணன் கடையில்
கரண்ட் போய்ப் போய் வருகிறது.
இன்ஜினியரிங் விண்ணப்பம்
ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து:
பெயர் நிரோஜினி.
தந்தை பெயர் யோகநாதன்.
பிறந்த ஊர் மதுரை.
பெரியாஸ்பத்திரி, கட்டில் கிடைக்காமல்
தரையில் பாய் விரித்த இரவு என்பதையெல்லாம்
கம்ப்யூட்டர் கேட்கவில்லை.
அம்மாதான் கேட்காமலே சொன்னா.

தேசியம் என்ற இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி.
அழுத்தினால் இரண்டு சொல் தொங்குகிறது.
இந்தியர். மற்றவை.

அண்ணன் என்னைப் பார்த்தார்.
"பேச்சு அச்சு அசலா ஆனையூர்ப் பேச்சு.
இதுல என்னத்தப் போடுறது ஆத்தா?"

மற்றவை போட்டோம்.
உடனே கீழே புதிதாய் ஒரு கட்டம் முளைத்தது,
தலையில் சிவப்பு நட்சத்திரத்தோடு:
பாஸ்போர்ட் எண்.

எங்களிடம் இருக்கும் எண்களைச் சொன்னேன்.
முகாம் பதிவு எண் உண்டு.
லைன் வீட்டு எண் உண்டு, சி பதினேழு.
பன்னிரண்டாவதில் ஐநூற்று நாற்பத்தாறு.
ஒன்பது வயதில் மண்டபத்தில் இறங்கியபோது
அப்பா கையில் கட்டிவிட்ட அட்டையின் எண்கூட
அவருக்கு இன்னும் மனப்பாடம்.
கட்டம் எதையும் வாங்கவில்லை.

அப்பா பெயிண்டர்.
தணிக்கைக்கு முந்தின இரவு
கட்டைவிரலைத் தின்னரில் ஊறவைப்பார்.
எனாமல் ஒட்டிய ரேகையை
மிஷின் தெரியாதென்று சொல்லிவிட்டால்
அந்த மாதம் உதவித்தொகை இல்லை.
ஏன் தெரியவில்லை என்று
கடிதம் வேறு எழுத வேண்டும்.
எழுதுவது நான்தான்.
'மதிப்பிற்குரிய ஐயா' வரைக்கும்
கை தானாகவே போகும்.

தம்பி துவாரகனுக்கு ஆறு வயது.
போன தணிக்கையில் அவன் பெயர் வந்ததும்
பள்ளிக்கூடத்தில் சொல்வது போல
"உள்ளேன் ஐயா" என்றான்.
ஆர்.ஐ. சிரித்துவிட்டார். நல்ல மனுசர்.
அவர் டிக் போடும் தாளின் உச்சியில்
யாரோ எப்போதோ டைப் அடித்த வரி,
'தற்காலிகமாகத் தங்கியிருப்போர்'.
தற்காலிகத்துக்கு இப்போது வயது முப்பத்தைந்து.
முன்தலையில் வழுக்கைகூட விழுந்திருக்கும்.

என் பள்ளிக்கூடச் சுவரில்
இந்தியா வரைந்தது அப்பாதான்.
சாக்பீஸால் கட்டம் போட்டு
காஷ்மீரில் தொடங்கிக் கீழே வந்தார்.
கன்னியாகுமரியில் சுவர் முடிந்துவிட்டது.
அதற்குக் கீழே சிமெண்ட் படி.
துளி விழவேண்டிய இடத்தில்
ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்
செருப்பைக் கழற்றிப் போடுகிறார்கள்.
இடம் போதவில்லை சார் என்று
ஹெட்மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டார் அப்பா.
அட, அது யாருக்குத் தெரியப்போகுது என்றார் அவர்.

எனக்கும் அந்தத் துளியைத் தெரியாது.
தெரிந்ததெல்லாம்
கூடல்நகர் ரயில்வே கேட் மூடும் நேரம்.
வைகையில் தண்ணீர் வந்தால்
வேடிக்கை பார்க்கப் பாலத்தில் எந்தப் பக்கம் நெரிசல் குறைவு.
வீட்டில் 'ஓம்', வெளியில் 'ஆமா'.
தூக்கத்தில் எதைச் சொல்கிறேன் என்று
அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன்.
"நித்திரையில நீ கணக்கெல்லோ சொல்றனீ."

கரண்ட் மறுபடி வந்தது.
இந்தியர்னு போட்டா போயிரும் என்றார் அண்ணன்,
யாரும் கேட்காமல், திரையைப் பார்த்தபடி.
அம்மா என் கையைப் பிடித்தா.
போடு என்றா, வேண்டாம் என்றா,
எதற்குப் பிடித்தா என்று
இப்போதும் தெரியவில்லை.
போடவில்லை.

"சேவ் பண்ணி வச்சிருக்கேன். ஏழு நாள் நிக்கும்.
கலெக்டர் ஆபீசுல ஒரு கடுதாசி கேளுங்க.
கடைசி நாளாச்சும்
அப்பாவக் கூட்டிட்டு வந்துரு ஆத்தா,
ரெண்டு பேரு கைநாட்டும் வேணும்."
அறுபது ரூபாயை வாங்கவில்லை.
போகாத பாரத்துக்குக் காசு எதுக்கு என்றார்.

வெளியே வந்து
அம்மா விரல்விட்டு எண்ணினா.
ஏழாவது நாள் சனிக்கிழமை.
சனிக்கிழமை தணிக்கை.