அறுபத்தாறு டிகிரி

சைட்டில் கிடந்தது தண்ணீர் டப்பா.
நாற்பது லிட்டர், ஆரஞ்சு நிறம், குழாய் உடைந்தது.
தூக்கி எறியச் சொன்னார் ஃபோர்மேன்.
எறிந்தேன், என் வண்டிக்குள்.

மூன்று கோடை ஐஸைக் காத்த சுவர்
சூட்டையும் காக்கும் என்றான் ரெனாட்டோ.
உள்ளே இருப்பது எது என்று
சுவர் கேட்பதில்லை.

உடைந்த இடத்தில் பித்தளை வால்வு.
கீசர் ஹோஸை உரித்து, ரப்பரை உருவிவிட்டு
எஃகுப் பின்னலை மட்டும் உள்ளே படுக்கவைத்தோம்,
சக்கை தங்கவும் சாறு இறங்கவும்.
இரண்டு முறை ஒழுகியது.
மூன்றாம் முறை
டெஃப்லான் டேப்பைக் கோபத்தோடு சுற்றினேன்.
நின்றது.

ஆட்டுத் தீவனக் கடையில் பார்லி.
"எத்தனை ஆடு?" என்றான் கடைக்காரன்.
"மூணு" என்றேன்.
நான், ரெனாட்டோ, லேபில் வேலை பார்க்கும் தீத்தாரப்பன்.
பொய்யில்லை.

குளியல் தொட்டியில் ஊறி, ஈரச் சாக்கில் முளைவிட்டு
மொட்டைமாடியில் ஒரே பகலில் முறுகியது.
புறாக்களின் பங்கு போக ஐந்து கிலோ.
உடைக்க, லேத்தில் வரி போட்ட இரண்டு உருளைகள்;
சுற்ற, என் ட்ரில் மெஷின்.
அந்தச் சத்தத்துக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை.
பக்கத்து ஃபிளாட்காரர் சுவரில்
ஓட்டை போடும் நாளுக்காகப் பதினோரு நாள் காத்திருந்தோம்.

அறுபத்தாறு டிகிரி வேண்டும், ஒரு மணி நேரம்.
மஹ்பூலாவில் அன்று வெளியே ஐம்பது.
"முக்கால் வேலையை ஊரே செய்துவிட்டது"
என்று தெர்மாமீட்டரை உதறினான் தீத்தாரப்பன்.
உதறத் தேவையில்லை. லேப் பழக்கம்.

வால்வைத் திறந்தேன்.
முதலில் கலங்கல். பிறகு மெல்லத் தெளிந்து
வெயில் பட்ட பனைவெல்லத்தின் நிறம்.
அப்போது கதவு தட்டப்பட்டது.

ஷஃபீக். கட்டடத்தின் ஹாரிஸ்.
கீழ்த்தளச் சாக்கடையில் உமி அடைத்திருக்கிறதாம்.
உள்ளே பார்த்தார்.
டப்பாவை. வால்வை. மூன்று ஆடுகளை.
மாட்டினால் டிக்கெட் ஒருவழி.
நான் ஒரு டம்ளர் பிடித்து நீட்டினேன்.
"ஷயீர்" என்றேன்.
பார்லி. அதுவும் பொய்யில்லை.
குடித்தார். இன்னொன்று கேட்டார்.
சாக்கடையை நாளைக்குப் பார்க்கலாம் என்று போனார்.

கொதிக்கவிட்டோம். ஹாப்ஸ் ஏது இங்கே?
காய்ச்சலுக்கு வைத்திருந்த நிலவேம்பு, ஒரு சிட்டிகை.
ஒரு சிட்டிகை அதிகம் என்று பின்னால் தெரிந்தது.

இனி ஆற வேண்டும்.
பெயின்ட் வாளியைச் சுற்றி நான் வளைத்த
பதினைந்து மீட்டர் செம்புச் சுருள்.
பன்னிரண்டு வருட ஏசி வேலையில்
இத்தனை அழகாக எதையும் வளைத்ததில்லை.
ஒரு முனையைக் குழாயில் மாட்டித் திறந்தால்
வந்தது ஜூலை.
மொட்டைமாடித் தொட்டியே ஓர் அடுப்பு.

கோடையில் இங்கே கீசரை அணைத்து வைத்தால்
அதுதான் வீட்டின் ஒரே குளிர்ந்த பானை.
அந்த ஐம்பது லிட்டரையும் சுருளுக்குத் திருப்பினோம்.
நாற்பதுக்கு இறங்கி அடம்பிடித்தது.
மீதிக்கு, எல்லா வீட்டு ஐஸும்,
பாத்திரத்தைச் சுற்றி
ரெனாட்டோவின் உறைந்த மீன் பொட்டலங்களும்.
இரவு இரண்டு மணி. இருபத்துநாலு டிகிரி.
ஈஸ்டைத் தூவி மூடினேன்.

மறுநாள் மாலை மறுபடியும் ஷஃபீக்.
கையில் கழுவிய காலி பாட்டில்,
லேபிள் உரித்த பசை இன்னும் ஈரமாக.
மன்சூராவிலிருந்து பெண் வந்திருக்கிறாளாம், விசிட்டில்.
ஏழு வயது.
அந்த இனிப்புத் தண்ணீர் கொஞ்சம் கிடைக்குமா?

தீர்ந்துவிட்டது என்றேன்.
மூன்று ஆடுகளில் ஒன்று தரையைப் பார்த்தது.
குளியலறைக் கதவுக்குப் பின்னால்
ட்யூப் முனையில் ஒரு குமிழ் உடைந்தது.
பிறகு இன்னொன்று.

அவருக்குக் கேட்டதா தெரியவில்லை.
பாட்டிலை வாசலிலேயே வைத்தார்.
அடுத்த தடவை, என்றார்,
முதலில் இதை நிரப்பு.