இரண்டு அடி மௌனம்

ஈரி என்பது ஏரியின் பெயர்.
பென்சில்வேனியாவில் அதன் கரையில் இருக்கும் ஊருக்கும் அதுவே பெயர்.
நவம்பர் பிறந்தால்
ஏரி எழுந்து வந்து
கூரைகளின் மேல் வெள்ளையாய்ப் படுத்துக்கொள்ளும்.

அப்படி ஒரு நாளில்
பேஸ் கிட்டார்காரன் வரவில்லை.
கார் பனியில் புதைந்துவிட்டதாம்.
காத்திருந்த நேரத்தில்
டார்லா வொய்ச்சிக் டிரம்ஸின் முன் உட்கார்ந்தாள்.
மெரில் ஹாஸ்கின்ஸ் ஆம்ப்பின் காதைத் திருகினான்.
ஒரு மணி நேரம் போனபின்
அவனை யாரும் தேடவில்லை.

வெளியே தெருவில் உப்புத் தூவிக்கொண்டு
நகராட்சி லாரி ஊர்ந்து போயிற்று.
பெயர் கிடைத்துவிட்டது: உப்பு லாரி.
நான் அந்தப் பெயரைச் சட்டையில் அச்சடித்து விற்றவன்.
பதினான்கு வருடம்.
பெரிய அளவு எப்போதும் முதலில் தீர்ந்துவிடும்.

இரண்டாவது ரெக்கார்டை
கராஜில் நான்கே நாளில் பதிந்தார்கள்.
மூன்றாம் பாட்டின் நடுவில்
டார்லாவின் கையிலிருந்து குச்சி நழுவியது.
இரண்டு அடி மௌனம்.
மெரில் நிறுத்தவில்லை,
கடைசி ஒலியை இழுத்துப் பிடித்துக்கொண்டான்,
ஓடும் பஸ்ஸில் விழப்போகிறவளின்
கோட்டைப் பிடிப்பதுபோல.
குச்சி உருண்டு ஃப்ரீஸருக்கு அடியில் போனது.
அவள் வேறொன்றை எடுத்தாள்.
மறுபடி பதிய டேப் இல்லை.

பிறகு நடந்ததை எல்லோரும் சொல்வார்கள்:
மூன்று எஞ்சின் மாற்றிய வேன்,
கெண்ட் நகரில் நிரம்பிய அரங்கு,
புருஷன் பெண்டாட்டியா, அண்ணன் தங்கையா என்ற கேள்வி
(இரண்டும் இல்லை. பக்கத்துப் பக்கத்து வீடு),
பதினோரு வினாடி பாட்டை வாங்கிய டயர் விளம்பரம்,
அந்தப் பணத்தில் டார்லா வேய்ந்த கூரை.

பிரிந்ததற்குக் கதை இல்லை.
பஃபலோவில் ஒரு பெட்ரோல் பங்க்.
அவளுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது.
ஒரே சாண்ட்விச்சைப் பாதியாய்க் கிழித்தார்கள்.
"போதுமில்ல?" என்றான் மெரில்.
"போதும்" என்றாள்.
சாண்ட்விச்சைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று
எரி வரை நினைத்திருந்தேன்.

இல்லை, ஈரி வரை.
இன்னும் எனக்கு நாக்கு குழறுகிறது.

இப்போது
போர்ட்டோ அலெக்ரேயில், லீட்ஸில், ஒசாகாவில்
அந்தப் பாட்டை வாசிக்கிற பிள்ளைகள் எல்லாம்
அதே இடத்தில் நிறுத்துகிறார்கள்.
மிகச் சரியாக இரண்டு அடி.
மூடிய தொழிற்சாலைகளின் நிசப்தம் அது என்று
ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார்.
உப்பிட்டவரை நினைப்பார்கள்,
உப்புச் சிந்தியதையுமா?

மெரில் போன மார்ச்சில் இறந்தான்.
லோகோமோட்டிவ் ஆலையில் இருந்த நாளிலிருந்தே நுரையீரல் சரியில்லை.
டார்லா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள்.
மத்தியான இடைவெளியில்
ஒசாகாப் பெண்கள் இருவரின் வீடியோவைக் காட்டினேன்.
பேராசிரியரைச் சொன்னதும் சிரித்தாள்:
"ஃப்ரீஸரை நகர்த்திப் பார்க்கச் சொல்லு."

அப்புறம் சிரிப்பு நின்றது.
அந்த இரண்டு அடியில்
கிட்டார்க்காரச் சிறுமி
சட்டென்று மற்றவளைத் திரும்பிப் பார்க்கிறாள்,
இருக்கிறாளா என்று.

டார்லா விரலால் பின்னுக்குத் தள்ளி
அதை மட்டும் மறுபடி பார்த்தாள்.
மறுபடியும்.

"அன்னைக்கு
மெரில் என்னைப் பார்த்தானா?"

அவள் குச்சியைத் தேடிக் குனிந்திருந்தாள்.
அந்த அறையில் மூன்றாவது ஆள் நான் ஒருவன்தான்.
நான் சட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.