காற்று இல்லாத மூன்று நாட்கள்

வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்கியிருந்தேன்.
கடைசிக் குகையை ரயில் கக்கியதும்
கடல் அந்தப் பக்கம்தான் வரும்.
பதினான்கு வருடம் கழித்தும்
உடம்பு தப்பாமல் போட்ட ஒரே கணக்கு அது.

த்ரியெஸ்தே.
இறங்கினேன். ஊர் என்னைப் பார்க்கவில்லை.
நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.
கடன் கொடுத்தவரும் வாங்கியவரும்
ஒரே வீதியில் எதிர்ப்பட்டால்
கொஞ்ச தூரம் இப்படித்தான் நடப்பார்கள்.

முனைக் காப்பிக்கடையில் "ஒரு நேரோ" என்றேன்,
இந்த ஊர் பழக்கிய வார்த்தையில்.
கோப்பை துடைத்துக்கொண்டிருந்த பையன்
ஆங்கிலத்தில் கேட்டான், சர்க்கரை வேண்டுமா என்று.
வார்த்தை சரி. உச்சரிப்பும் சரிதான்.
வேறெதுவோ காட்டிக்கொடுத்துவிட்டது.
சில்லறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த விரல்களாக இருக்கலாம்.

குளிக்கும் கரைக்குப் போனேன்.
ஆணையும் பெண்ணையும் பிரிக்கும் வெள்ளைச் சுவர்
இன்னமும் கடலுக்குள் சில அடி நடந்து
அலுத்துப்போய் நின்றுவிடுகிறது.
இந்தப் பக்கம் நானும் நெரீனாவும்
முதுகில் உப்புக் காயக் குப்புறக் கிடந்து
அந்தப் பக்கத்துச் சீட்டாட்டச் சண்டையை
வானொலி நாடகம்போலக் கேட்போம்.
இப்போது மார்ச்.
கூழாங்கல்மேல் ஒரே ஒருத்தி
ஸ்வெட்டரோடு குறுக்கெழுத்துப் போடுகிறாள்.
"ஐந்தெழுத்து, மீன்" என்றாள் நிமிராமல்.
எனக்குத் தெரியவில்லை.

சான் ஜாக்கொமோ மேடு. நான்காவது மாடி.
துறைமுகக் கிடங்கில்
பச்சைக் காப்பிக்கொட்டை முகர்ந்து சம்பாதித்த
ஒன்பது வருடமும் படுத்து எழுந்த வீடு.
வாசலில் அழைப்புமணிப் பலகை.
மேலிருந்து மூன்றாவது பித்தளைத் துண்டில்
இன்னும் நான்.

நான் என்று சொல்லக்கூடாது.
ரீகாவில் பிறந்த என் பெயரில்
ஓர் எழுத்தின் கீழே சின்னக் கொக்கி உண்டு.
வீட்டுக்காரர் அதைத் தூசி என்று நினைத்து
விட்டுவிட்டார். கல்னின்யா, கல்னினா ஆனாள்.
முதல் வருடம் சண்டை போட்டேன்.
இரண்டாம் வருடம் அந்தப் பெயரில்
மின்கட்டணம் கட்டினேன்.
மூன்றாம் வருடம் அந்தப் பெயரில்
ஒருவன் என்னைக் கூப்பிட்டான், திரும்பினேன்.
ஊர் போய்ச் சேர்ந்ததும்
அம்மா முதலில் கொக்கியை மாட்டிவிட்டாள்.

மணியை அழுத்தினேன்.
ஓர் இளங்குரல், பின்னால் குக்கர்போல எதுவோ சீறும் சத்தம்.
"யாரு?"
கல்னினா, என்றேன்.
"அவங்க இங்க இல்லைங்க. போய் ரொம்ப நாளாச்சு."
எங்கே போனாள்?
"தெரியாது. எப்பவாவது லெட்டர் வரும்.
ஒரு ஷூ டப்பாவுல போட்டு வெச்சிருக்கோம்.
நீங்க அவங்களுக்கு வேண்டியவங்களா?"

தெரிந்தவள், என்றேன்.
கொஞ்சம் யோசித்து,
ரொம்பப் பழக்கமில்லை, என்றும் சொன்னேன்.
"பார்த்தா சொல்லுங்க" என்றது குரல்,
"பேரை எடுக்கவே இல்ல. எங்களுக்குப் பிடிச்சுப்போச்சு."

மாலையில் நெரீனாவுக்குப் போன் செய்தேன்.
இப்போது ஊதினேயில், மகள் வீட்டில்,
இடுப்பில் இரும்பு வைத்தபின் படி இறங்குவதில்லை.
எங்கே இருக்கிறேன் என்று சொன்னதும்
அவள் கேட்டது ஒன்றுதான்:
"போரா அடிக்குதா?"
மலையிலிருந்து இறங்கி ஆளைத் தூக்கும் அந்தக் காற்று.
இல்லை, என்றேன். மூன்று நாளாய் இலை அசையவில்லை.
"அப்போ நீ இன்னும் வந்து சேரலே"
என்று சிரித்தாள்.

முதல் குளிர்காலத்தில் அவள்தான் சொன்னாள்,
ஐம்பது கிலோகூட இல்லாதவள் நீ,
பையில் இரண்டு கிலோ உருளைக்கிழங்கு இல்லாமல்
தெருமுனை திரும்பாதே.
அந்தக் கனத்தோடுதான் நான் வேலைக்குப் போனேன்,
அந்தக் கனத்தோடுதான் காதலித்தேன்,
ஒருமுறை தேவாலயத்துக்கும் போனேன்,
பூசை நடுவில் ஒன்று உருண்டோடியது.

கடைசி நாள் காலை
சந்தையில் இரண்டு கிலோ வாங்கினேன்.
விடுதி அறையில் அடுப்பில்லை.
காற்றுமில்லை.
மேட்டில் மூச்சு வாங்க ஏறிப்போய்
அந்தப் பலகைக்குக் கீழே, வாசற்படியில் வைத்தேன்.
பைமேல் பெயர் எழுதப் பேனா எடுத்தேன்.
கொக்கி போடுவதா வேண்டாமா என்று
நின்றுகொண்டிருக்கையில்
ரயிலுக்கு நேரமாகிவிட்டது.