நான்காம் நிமிடம், பதினோராம் நொடி

குட்டாய்சியில் மழை.
காலைக்குள் கொடுக்க வேண்டிய கல்யாண வீடியோ.
நான்காம் நிமிடம், பதினோராம் நொடி,
மணமகள் கிளாஸைத் தூக்குகிறாள்,
திரை கறுத்துவிடுகிறது.
பெட்டிக்குள் விசிறி மட்டும்
ஒன்றும் நடக்காதது போல் இரைகிறது.

கார்டை உருவி, பிரஷால் தூசி தட்டி,
திரும்பச் செருகினேன்.
கறுப்பு.
கேபிளை மாற்றினேன். கேபிளைத் திட்டினேன்,
விற்ற ஷால்வாவையும் சேர்த்துத் திட்டினேன்.
கறுப்பு.
செவ்வாய்க்கிழமை தானாக வந்து உட்கார்ந்த
புது டிரைவர்தான் என்று
புத்திக்கு எட்டும்போது மணி இரண்டு.

சேஃப் மோடில் எழுத்தெல்லாம்
பூசணிக்காய் பூசணிக்காயாய்.
புதியதை வேரோடு பிடுங்கிவிட்டு
ஜனவரியில் வந்த பழையதை ஏற்றினேன்.

ஒன்று சொல்ல வேண்டும்.
திரை செத்த ஒவ்வொரு முறையும்
ஒலி சாகவில்லை.
இருட்டுக்குள் கிளாஸ்கள் மோதின,
யாரோ நீளமாக வாழ்த்தினார்,
மைக்குக்கு மிக அருகில்
ஒருத்தி மூக்கை உறிஞ்சி அழுதாள்.

படம் திரும்பியதும் தேடினேன்.
மேஜை நெடுகச் சிரிப்பு. மணமகன்,
அவன் தம்பிமார், அக்கார்டியன்காரர்,
ரொட்டித் தட்டோடு வழி கேட்கும் பையன்.
அழுத முகம் ஒன்றும் இல்லை.

பிறகுதான் பார்த்தேன்,
படம் லேசாக நடுங்குவதை.

அன்று கேமரா பிடித்தவள் நத்தேலா.
மூன்று வருடமாக என் எதிர் மேஜை.
மணமகனின் ஊர்க்காரி.

நடுக்கத்தைச் சரிசெய்ய ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினேன்.
அழுகையை மட்டும் வெட்டித்
தனிக் கோப்பாக வைத்தேன், பெயர் போடாமல்.
நாலு மணிக்கு அதையும் அழித்தேன்.

குடையை உதறிக்கொண்டே வந்து கேட்பாள்,
ராத்திரி என்ன கோளாறு?

டிரைவர், என்பேன்.