இரண்டாம் சுருள் கிடைக்கவில்லை

ஓலொமோட்ஸில் மூடிக் கிடந்த பீர் ஆலை.
நிலவறையில், பீப்பாய்களுக்குப் பின்னால்
ஒரு தகரப்பெட்டி.
திறந்தால் துவைக்காத காலுறை நாற்றம்.
அப்படித்தான் சாகும் அந்தக் காலத்துப் பிலிம்.

மூன்று சுருள்களில் ஒன்றும் மூன்றும் இருந்தன.
நடுவில் உள்ளதை
வெள்ளிக்காக உருக்கியிருக்கலாம்.
சீப்பாக்கி விற்றிருக்கலாம்,
எவள் கொண்டையிலோ
ஒரு முத்தம் பல்பல்லாய்ச் செருகியிருந்திருக்கலாம்.

முதல் சுருளில் அவன் தபால்காரன்.
சைக்கிளோடு மாவு வண்டிக்குள் விழுகிறான்,
வெள்ளை வெளேரென்று எழுந்து
தொப்பிக்கடைக்காரியிடம் கடிதம் நீட்டுகிறான்.
பேயென்று அலறிக் கதவைச் சாத்துகிறாள்,
அவன் மூக்கு உள்ளே இருக்கும்போதே.

மூன்றாம் சுருளில்
ஒற்றைக் குடைக்குள் இருவரும்
மீன் விலைக்குச் சண்டை போடுகிறார்கள்,
பத்து வருடம் குடித்தனம் நடத்தியவர்கள் போல.

இடையில் எப்படிக் காதல் வந்ததென்று
ஒருவருக்கும் தெரியாது.
ஆறு மாதம் கட்டம் கட்டமாகப்
பூஞ்சை துடைத்த எனக்கும்.

திரையிட்ட இரவு பனி கொட்டியது.
நாற்பத்தொரு பேர். பியானோவில் ஓதொகர்.
தொலைந்த சுருளுக்காக
ஒரு நிமிடம் கறுப்புத் திரை விட்டேன்.
அவன் விரல்களை மடியில் வைத்துக்கொண்டான்.
யாரோ இருமினார்கள்.

ஐந்தாம் வரிசையில் ஒருத்தி மட்டும்
எல்லோருக்கும் முந்திச் சிரித்தாள்.
சிரிக்கக் கூடாத இடத்திலும் சிரித்தாள்.
கடைசியில் நாயகி மார்பில் கைவைத்து
விழிகள் செருக அவனைப் பார்க்க,
வசன அட்டை வந்தது:
"என் உயிர் இனி உங்கள் காலடியில்!"
அரங்கமே பெருமூச்சு விட,
இவள் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு
குலுங்கினாள்.

வாசலில் மறித்துக் கேட்டேன்.
காதைத் தொட்டுக் கையை விரித்தாள்.
பிறவியிலிருந்தே கேட்காதாம். பெயர் ட்ரஹொமீரா.
மளிகை ரசீதின் பின்பக்கம் எழுதித் தந்தாள்:

அவள் சொன்னது அதுவல்ல.
'கால்மேல் நிற்கிறாய், கழுதை.
இன்றைக்கும் வெங்காயமா?'
அவன்: 'நீ ஊட்டியதுதானே.'

ஊமைப் படமாம்!
வாய் ஓய்ந்த ஒரு கட்டம் இல்லை அதில்.
கேட்கத்தான் நூறு வருடம்
காது கேட்கும் ஒருவருக்கும் வாய்க்கவில்லை.

ரசீதைப் பெட்டியில் வைத்தேன்.
அதை எழுதப் பதிவேட்டில் இடமில்லை.
நடிகர்கள் பெயரும் அட்டையில் இல்லை,
அவள் என்ன சமைத்தாள், எந்த அறையில்,
படப்பிடிப்புக்கு முன்னா பின்னா,
ஒன்றும் தெரியாது.

அடுத்த வெள்ளி மறுபடி போடுகிறோம்.
அந்தக் கறுப்பு நிமிடத்தில்
இந்தத் தடவையாவது ஏதாவது வாசிக்கட்டுமா என்றான் ஓதொகர்.
வாசி, என்றேன்.
என்ன வாசிக்க?

வெங்காயம்.