உள்ளளவு

சுருளோட்டிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியது,
புகையிட்ட ரப்பர் ஷீட்டில் சுருட்டி
கொசுவலை நாடாவால் மூன்று கட்டு.
கோட்டாறு கம்போளத்து வற்றல் நெடிக்கு
இரண்டு தும்மல் போட்டுவிட்டு
ஏசுவடியாள் சொன்னாள்:
"பதினெட்டு லட்சம் பெறுமெண்ணு சொல்லுகினும்,
எனக்க கொழுந்தன்மாரு.
இருபத்திரண்டு சென்ட் அவியளுக்கு,
இது எனக்கு.
கையெழுத்து போடுததுக்கு முன்ன
நீங்க ஒண்ணு பாக்கணும்."

லைசென்ஸ் செத்தவர் பேரில்.
கலெக்டர் ஆபீஸ் கடிதம் ஒன்று,
கீரிப்பாறை ஸ்டேஷன் ரசீதுகள் நான்கு,
தேர்தலுக்கு ஒன்றாக.
ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: காலி, குண்டு இல்லை.
கீழே கையெழுத்து.

வாய்வழியே மருந்து தின்கிற இனம்.
பூட்டுத் தகட்டில் கிரீடம்,
'டவர்' என்ற எழுத்து, ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்பது.
பூண் மூன்று. குதிரை இன்னும் கடிக்கிறது.
கட்டை மட்டும் சீமை மரமில்லை,
நம்மூர் அயினி;
எவனோ கட்டில் கால் கடைகிற கைப்பக்குவத்தில்
செதுக்கி ஏற்றியிருக்கிறான்.
அதற்கே பாதி விலை போயிற்று.

ஆனால் என் தொழிலில்
விலை இரண்டாவது.
இடிகம்பியைக் குழலுக்குள் இறக்கி
வாய்மட்டத்தில் நகத்தால் குறித்தேன்.
உருவி, வெளியே பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
உள்ளளவு வெளியளவுக்கு
நாலு விரல் குறைவு.

இன்னொரு முறை இறக்கினேன்.
நாலு விரல்.

"அந்த நாற்காலியை இந்தப் பக்கமா போடுங்க" என்றேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
குழல்வாய் எதிரே இருந்த காலண்டரைத்
திரும்பிப் பார்த்தாள்.

தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு
திருகுமுனையால் இழுத்தேன்.
முதலில் தும்பு, கறுத்துப் பிசுபிசுத்து.
பிறகு ஈயம், புன்னைக்காய் கனத்தில்.
பிறகு கசக்கித் திணித்த ஒரு காகிதம்.
கடைசியில் மருந்து, காப்பி மண்டி மாதிரி.

காகிதத்தைப் பிரித்தது அவள்தான்.
ரப்பர் கடைச் சீட்டு.
ஷீட் பதினோரு கிலோ, ஒட்டுப்பால் நாலு,
பற்று போக மீதி. தேதி தெரிந்தது.
நெடுநேரம் அந்தத் தேதியையே பார்த்தாள்.

"அண்ணைக்குத்தான் பாகம் பேச
அவிய மூணு பேரும் வந்தது.
ராத்திரி எங்க வீட்லதான் கெடந்தாவ."

கொஞ்சம் கழித்து,
"அது பன்னி எறங்குத மாசமில்ல."

நான் சுண்டுவிரலைத் துடைத்துக்கொண்டு
குழல்வாயில் விட்டுச் சுழற்றினேன்.
மரை இருந்தால் நகம் தட்டும்.
தட்டவில்லை, வழவழவென்று போயிற்று.
ஐம்பத்தேழு கலகத்துக்குப் பிறகு
நம்மாள் கையில் கொடுத்தவற்றுக்கு
வெள்ளைக்காரன் மரை வெட்டவில்லை.
வெளியே அதே கிரீடம், அதே மூன்று பூண்.
உள்ளே, குண்டு எங்கேயும் போகலாம்.

சொன்னேன்.
"அப்பம் சுட்டிருந்தாலும் கொண்டிருக்காது?"
"பக்கத்தில் நின்றால் கொள்ளும்."
"எங்க வீடு சின்ன வீடுதான்" என்றாள்.

ஐம்பத்தைந்தாயிரம் என்று எழுதினேன்,
லைசென்ஸ் பேர் மாறினால்; மாறாவிட்டால்
அரசாங்கத்துக்கு ஒரு கட்டையும் இரும்பும்.
பதினெட்டு லட்சம் எங்கே, இது எங்கே என்று
அவள் முகம் விழும் என நினைத்தேன்.
"ரப்பர் ஸ்டாம்பு நல்லா பதியட்டும்" என்றாள்.
"இருபத்திரண்டு சென்டுலயும்
நான்தான் இப்பம் பால் வெட்டுகேன்."

சீட்டை நாலாக மடித்து
பைபிள் உறைக்குள் வைத்தாள்.
ஈயத்தை என் மேஜையிலேயே விட்டுவிட்டாள்.
தராசில் போட்டுப் பார்த்தேன், சும்மாதான்:
முப்பத்திரண்டு கிராம்.

அறிக்கையில் 'நிலை' என்று ஒரு கட்டம் உண்டு.
காலி, குண்டு இல்லை
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்,
ஐந்தாவது ஆளாக.