அடைமொழி

பதவியேற்ற மேடையிலேயே சொல்லிவிட்டார்,
நூறு நாள் என்று.
மறுநாள் எங்கள் முதல் பக்க மூலையில்
சின்னதாக ஒரு கட்டம் முளைத்தது: நாள் 1.
மழையளவு போடுகிற இடம் அது.

நான் வடசென்னைச் செய்தியாளன்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால்
பைக்கைச் சாய்த்து நிறுத்தி
கூட்ஸ் கடந்து போவதற்குள்
கட்டைவிரலால் ஒரு செய்தி முடித்துவிடுவேன்.
பாதி அடித்தால் போதும், மீதி போனிலேயே இருக்கிறது.
'த' போட்டால் 'தப்பி ஓட முயன்றபோது',
'வ' போட்டால் 'வழுக்கி விழுந்ததில்'.

ஸ்டான்லி எலும்பு வார்டில்
மாவுக்கட்டோடு ஒன்பது பேர்.
எல்லோருக்கும் வலது கை.
ஸ்டேஷன் பாத்ரூமில் அப்படி என்ன சோப்பு என்று
டீக்கடையில் நான்தான் கேட்டேன்.
நான்தான் முதலில் சிரித்தேன்.

பொய் சொல்லக் கூடாது.
அந்த மாதம் மூலக்கொத்தளத்தில் என் அக்கா
செயினை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு
ராத்திரி ஒன்பது மணிக்கு நடந்து வந்தாள்.
மீன் ஏலத்தில் மாமூல் கேட்டு
ஒருத்தனும் வரவில்லை.

நாள் 41. விடியற்காலை நாலரை.
எண்ணூர் முகத்துவாரத்துக்கு இந்தப்புறம்
சீமைக்கருவேலப் புதர்.
மதியழகன், முப்பத்து நாலு,
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை.
பழைய வழக்கு இரண்டு:
ஒன்று அடிதடி, ஒன்று தள்ளுபடி.

"பட்டப்பேர் என்ன சார்?"
இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார்.
"இல்லாமலா இருக்கும்? நீயே பார்த்துப் போடேன்."
டெஸ்கிலிருந்து மூன்றாவது போன்.
வெறும் மதியழகன் தலைப்பில் நிற்காதுப்பா,
தமிழ் வாத்தியார் மாதிரி இருக்கு.

போட்டேன்.
'ஐஸ்கத்தி' மதி.

சாயங்காலத்துக்குள் எல்லா சேனலிலும் ஓடியது.
வட்டம் போட்டார்கள், அம்புக்குறி போட்டார்கள்,
யார் இந்த ஐஸ்கத்தி மதி என்று கேட்டு
நாற்பது நிமிடம் அவர்களே பதில் சொன்னார்கள்.
எனக்கே தெரியாத பல விஷயங்கள் அதில் இருந்தன.
அடுத்த நாள் சட்டமன்றத்தில்
முதல்வர் வாயிலிருந்து வந்தது அந்தப் பெயர்.
மேசையைத் தட்டினார்கள்.
நான் எழுதிய ஒரு சொல்
அவ்வளவு தூரம் போனதேயில்லை.

அவருக்கும் நாங்கள்தான் வைத்தோம்.
வெறும் பெயர் நிற்காது என்று
தேர்தல் நேரத்தில் இதே டெஸ்க்தான்
முன்னால் 'இரும்புக்கரம்' சேர்த்தது.
அதுவரை
கூட்டுறவு வங்கி ரசீதில் கையெழுத்துப் போட்ட
சாதாரணக் கை.

நாள் 58-ல் எஸ்தர் வந்தாள்.
அழவில்லை.
எட்டாக மடித்த பேப்பர், மடிப்பில் கிழிந்திருந்தது.
"யாரு சார் வச்சது இந்தப் பேரு?
ஐஸ் ஃபேக்டரில கேட்டேன், தெரியாதுன்றாங்க.
டேசன்ல கேட்டேன், பேப்பர்ல பாத்தோம்ன்றாங்க.
பதிமூணு வருசம் என்னாண்ட இருந்த ஆளுக்கு
எனக்குத் தெரியாம எப்டி சார் ஒரு பேரு?
இஸ்கூல்ல எம்பொண்ண
ஐஸ்கத்தி ஐஸ்கத்தின்னு கூப்டுதுங்க.
ஆளக் கேக்கல சார்.
பேர மட்டும் எடுத்துருங்க."

போலீஸ் தரப்பில் சொன்னதும்மா, என்றேன்.
தண்ணீர் கொடுத்தேன்.
குடித்துவிட்டு
டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

எங்களிடம் திருத்தம் உண்டு,
ஏழாம் பக்கம், ராசிபலனுக்குக் கீழே.
கவுன்சிலர் இனிஷியல் மாறினால் போடுவோம்,
மின்தடை நேரம் தவறினால் போடுவோம்.
எழுதிப் பார்த்தேன்.
'ஐஸ்கத்தி மதி என்று வெளியான செய்தியில்...'
எடுப்பதற்கும்
முதலில் அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.
அழித்தேன்.

கேட் மூடியிருக்கிறது. கூட்ஸ் வருகிறது.
நாள் 59-க்கு ஏதாவது அனுப்ப வேண்டும்.
ஐந்து பேர் கைது என்று அடிக்க
'ஐ' போட்டேன்.

போன் காத்திருக்கவில்லை.